மேலே ஒரு போல்ட்

கொட்டகைக்குள் வந்து நின்ற கார் அதற்குப் பிறகு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. இன்ஜின் ஓடியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உறுமியது. சக்கரம் மட்டும் எனக்கென்ன என்று கிடந்தது. சிவப்பு வண்டி. இரண்டே கதவு. தரையோடு ஒட்டிய உடம்பு, முன்பக்கம் நீட்டிய மூக்கு. பந்தயத்துக்குப் போகிற சாயலில் செய்து, பந்தயத்துக்குப் போகாத ஆட்களுக்கு விற்ற வகை. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும். அந்தத் தானாக மாறுகிற பெட்டிதான் செத்துப்போயிருந்தது.

வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிற லாரி அந்தச் சந்துக்குள் நுழையாது. பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "ஆட்டோமேட்டிக்கா? நாங்க கை வைக்கிறதில்லை" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனார்கள்.

"கிடக்கட்டும், பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றாள் அவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் விரிப்புகளை மடித்துவிட்டு வந்து, வீட்டிலும் துணிகளை அதே அளவில் மடித்து வைப்பாள்.

அவள் புருஷன் காரின் மூடியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவர் அச்சகக்காரர். நாலு வண்ணமும் ஒன்றின் மேல் ஒன்றாக முடியளவும் பிசகாமல் விழுகிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை. சமீபமாக, அச்சடித்த தாள்களைக் கட்டுக் கட்டுகிற பகுதிக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருந்தார். முதுகுவலி என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார். முதுகு நன்றாகத்தான் இருந்தது. போனது கண். பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது, போகப்போகக் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும், இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். வெளியே வந்ததும், "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார் அவர். அவளும் விடவில்லை.

அப்படிப்பட்டவர், ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "உன் தம்பியைக் கூப்பிடு. அவன் கழட்டுவான்" என்றார்.

அவளுக்குக் கை நின்றுவிட்டது. ஓட்டக் கூடாதவருக்கு ஓடுகிற வண்டி எதற்கு என்பது ஒன்று. தம்பியைக் கூப்பிடச் சொல்வது அதைவிடப் பெரிசு.

கார் அவளுடைய அப்பாவினுடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், ஓய்வுபெற்ற கையோடு யாரையும் கேட்காமல் வாங்கி வந்தார். விடுமுறை நாட்களில் மாமனாரும் மருமகனுமாக அதைக் கழுவுவார்கள், துடைப்பார்கள், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் நிற்பார்கள். சாகிறதுக்கு முன்னால் சாவியை மருமகன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மகன், அவள் தம்பி, பஸ் டிப்போவில் கியர்பெட்டி வேலைக்காரன். ஊரிலுள்ள ஆட்டோமேட்டிக் பஸ் எல்லாம் அவன் கைபட்டுத்தான் வெளியே போகும். அவன் சண்டை போடவில்லை. சாவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாமாவோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டான். அவரும் வலியப் போய்ப் பேசவில்லை. நல்லது கெட்டதில் எதிரெதிரே உட்கார்ந்தாலும் நடுவில் கண்ணாடிச் சுவர் இருக்கிற மாதிரிதான்.

அக்கா கூப்பிட்டதும் தம்பி மறுக்கவில்லை. "நான் வண்டிக்காக வர்றேன்" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிப்போவிலிருந்து ஒரு சின்ன டெம்போ நிறையச் சாமான்கள் வந்தன. மழை வருகிற மாதிரி ஒரு இறுக்கம். தகரக் கூரைக்குக் கீழே காற்றே இல்லை. தம்பி உள்ளே வந்ததும் முதலில் தரையைப் பார்த்தான். சிமெண்டுத் தரை, சமமாக இருந்தது. குதிகாலால் இரண்டு மூன்று இடத்தில் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை கொடுத்தாச்சான்னு கேளு."

அவர் அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தார்.

"கொடுத்தாச்சுன்னு சொல்லு."

"பேட்டரி ஒயரு?"

"மைனஸைக் கழட்டி வச்சிருக்குன்னு சொல்லு."

அவள் வாயைத் திறப்பதற்குள் இருவருமே தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். கொஞ்ச நேரம் இரு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட விரிப்புகளைத் தரையில் விரிக்க ஆரம்பித்தாள்.

தம்பி ஜாக்கைப் போட்டு ஒவ்வொரு மூலையாகத் தூக்கி, நாலு மூலையிலும் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தினான். காரின் அடிப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு வந்தது. உடனே உள்ளே போய்விடவில்லை. இடுப்பால் காரை ஒரு இடி இடித்தான், பிறகு பின்பக்கம் போய் ஒரு இடி. ஸ்டாண்டுகள் அசையவில்லை.

"ஜாக்கு தூக்கத்தான், தாங்கறதுக்கில்லை. ஜாக்கை நம்பி ஒரு விரலைக்கூட உள்ளே விடக் கூடாது. டிப்போவுல ஒருத்தன் விட்டான். இப்போ வாசல்ல டோக்கன் கொடுக்கிறான்" என்று அக்காவிடம் சொன்னான்.

"கேட்டுச்சு" என்றார் அவர், அவளிடம்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. அடியில் இருந்த எண்ணெயை வடித்தார்கள். சிவப்பாக வரவேண்டியது கறுப்பாக வந்தது. தம்பி ஒரு சொட்டை விரலில் தொட்டு மோந்து பார்த்துவிட்டு அக்காவிடம் விரலை நீட்டினான். அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி வாசனை. "உள்ளே தட்டெல்லாம் கருகியிருக்கு" என்றான். பின்சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டைக் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டான். இருந்த மாதிரியே திரும்ப மாட்டாவிட்டால் வண்டி ஆடுமாம். புகைக்குழாய் வந்தது. ஒயர்களும் எண்ணெய்க் குழாய்களும் வந்தன. குழாய் வாயில் தூசி போகாமல் துணி சுற்றிக் கட்டினாள். கழற்றிய போல்ட்டுகள் இடம் மாறிவிடாமல் கேக் செய்கிற தட்டுகளில் வைத்தாள், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தட்டு.

இன்ஜினும் கியர்பெட்டியும் சேருகிற இடத்தில் கனமான வட்ட உருளை ஒன்று உண்டு. கன்வெர்ட்டர் என்றான் தம்பி. கிளட்ச் செய்கிற வேலையை அது செய்யும், உள்ளே எண்ணெய் நிறைந்திருக்கும். "இது இன்ஜினோட தங்கிடக் கூடாது, பெட்டியோடயே ஒட்டிக்கிட்டு வரணும். நடுவுல நழுவினா கீழே இருக்கிறவன் மூஞ்சிதான்." இன்ஜினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றவைத்து, ஓட்டை வழியாக ஒவ்வொரு போல்ட்டாக அதை விடுவித்தான்.

மீதம் இருந்தது பெட்டியை இன்ஜினோடு சேர்க்கிற போல்ட்டுகள். கீழே உள்ளவை சுலபமாக வந்தன. மேலே உள்ளவைதான் சங்கடம். காருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற சந்து, அவ்வளவுதான். தம்பியின் பருத்த கை முழுசாக உள்ளே போகவில்லை. புஜம்வரை போய்ச் சிக்கிக்கொண்டது. இழுத்து வெளியே எடுத்தபோது தோல் உரிந்திருந்தது.

"என் கை போகும்னு சொல்லு" என்றார் அவர்.

"முதுகுவலிக்காரர் மல்லாந்து படுக்கலாமான்னு கேளு."

"முதுகு இப்போ பரவாயில்லைன்னு சொல்லு."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். பார்ப்பதற்கு முகத்தை முழுசாகத் திருப்ப வேண்டியிருந்தது. அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, அதட்டலும் இருந்தது. அவள் டார்ச்சைத் துடைத்துத் தம்பியிடம் கொடுத்தாள்.

அவர் உள்ளே நகர்ந்து போனார். நீளக் கம்பியின் முனையில் சாக்கெட்டை மாட்டி, விரலால் தடவித் தடவிப் போல்ட்டின் தலையைப் பிடித்தார். கண்ணே தேவைப்படாத வேலை. காலையிலிருந்து அவர் முகத்தில் இல்லாத ஒரு தெளிவு வந்தது. ஒன்று வந்தது. அடுத்தது வந்தது. ஒரு போல்ட் கை நழுவி விரிப்பில் விழுந்தது. அவர் தோளுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அவர் இடது கையால் தரையைத் தடவினார், இங்கே, அங்கே. அவள் குனிந்து அதை எடுத்துத் தட்டில் போட்டாள். தம்பி மறுபக்கம் டார்ச் பிடித்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

இப்போது சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. வாய்வரை வந்தது. 'ஒருதடவை நீயும் பார்த்துக்கோடா' என்று மட்டும் சொன்னால் போதும், வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். ஆனால் அதைச் சொன்னால் அவன் 'ஏன்' என்பான். இவர் இத்தனை நாள் கழித்துத் தம்பியின் பக்கத்தில் படுத்து வேலை செய்கிறார். அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

"எல்லாம் வந்தாச்சான்னு கேளு."

"வந்தாச்சுன்னு சொல்லு."

தம்பி இன்ஜினுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து ஜாக் கொடுத்தான். பெட்டிக்கு அடியில் அகலத் தட்டு வைத்த இன்னொரு ஜாக்கைத் தள்ளி, நைலான் பட்டையால் பெட்டியை அதோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். குறுக்கே தாங்கியிருந்த இரும்பைக் கழற்றினான். பிறகு இரண்டு பேரும் இரண்டு பக்கமும் படுத்துப் பின்பக்கமாக இழுத்தார்கள். கீழ்ப்பக்கம் வாய் திறந்தது. மேல்பக்கம் வரவில்லை.

"துருப் பிடிச்சிருக்கும்" என்று தம்பி தனக்குத்தானே சொன்னான். மேல்பக்கச் சந்தில் ஒரு கடப்பாறைத் துண்டைக் கொடுத்து நெம்பினான். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தான்.

'டக்'கென்று ஒரு சத்தம். பெட்டி பின்னால் எகிறி ஒருபக்கமாகச் சாய்ந்தது. பட்டை பிடித்துக்கொண்டது. ஆனால் வாய் கீழ்நோக்கிப் போய்விட்டது. உள்ளிருந்து கன்வெர்ட்டர் எண்ணெயைக் கொட்டிக்கொண்டு, அவர் பக்கமாக நழுவியது.

"மாமா, தலைய எடுங்க."

அவர் தலையைத் திருப்பினார். தப்பான பக்கம் திருப்பினார். எது வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று தேடுகிற மாதிரி கண் கூரையைப் பார்த்தது. தம்பி பெட்டிக்குக் கீழாகக் கையை நீட்டி அவர் முகத்துக்கு மேல் கொடுத்தான். அந்த உருண்டை இரும்பு அவன் முன்கையில் விழுந்து, உருண்டு, அவர் காதுக்குப் பக்கத்தில் 'தொம்'மென்று தரையில் உட்கார்ந்தது.

எண்ணெய் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டுகள் அசையாமல் நின்றன.

அவள் அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். தம்பி தானே நகர்ந்து வந்தான். முன்கை கிழிந்து, எண்ணெயும் ரத்தமுமாக வழிந்தது. விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தான். எலும்பு தப்பியிருந்தது. அவள் சுத்தமான விரிப்பு ஒன்றைக் கிழித்துச் சுற்றினாள். கை பழக்கத்தில் தானாக மடித்து மடித்துச் சுற்றியது. கட்டு முடிவதற்குள் அவன் எழுந்துபோய், டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு மறுபடி காருக்கு அடியில் தலையை விட்டான்.

வெளியே வந்தபோது அவன் குரல் ரொம்ப அமைதியாக இருந்தது.

"மேலே ஒரு போல்ட் அப்படியே இருக்கு அக்கா. ஒயருக்குப் பக்கத்துல. கண்ணாடிகூட வேண்டாம், சும்மா பாத்தாலே தெரியுது. அது நுழையற பெட்டிக் காது உடைஞ்சு அதுலயே தொங்குது." கொஞ்சம் நிறுத்தினான். "மாமாவுக்கு என்ன?"

அவள் கிழித்த துணியின் மிச்சத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைத்தான் கேக்கிறேன். தலைய எடுங்கன்னா அந்தப் பக்கமா திருப்பறாரு. என்ன அவருக்கு?"

"கண்ணு" என்றாள்.

"என்ன கண்ணு?"

"பக்கத்துல தெரியறதில்லை. போயிட்டே இருக்கு. ரொம்ப நாளாச்சு."

"தெரிஞ்சேதான் உள்ளே படுக்க விட்டியா?"

"சொல்லக் கூடாதுன்னார்."

"அவர் சொல்வார். உனக்குப் புத்தி எங்கே போச்சு? ஒரு வார்த்தை அக்கா. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கண்ணாடி வச்சுப் பாத்திருப்பேன். நெம்பியிருக்கவே மாட்டேன். இது மூஞ்சியில விழுந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்பே? அப்பவும் சொல்லக் கூடாதுன்னார்னு சொல்லுவியா?"

அவன் சொன்னதில் தப்பில்லை.

"அவளைத் திட்டாதே, மாப்பிள்ளை" என்றார் அவர்.

கவிழ்த்துப்போட்ட டிரம்மில் உட்கார்ந்திருந்தார். தலைமுடியெல்லாம் எண்ணெய். முகத்தை முழுசாக அவன் பக்கம் திருப்பியிருந்தார்.

"நான்தான் வாயைக் கட்டினேன். எல்லாம் வந்தாச்சுன்னு சொன்னதும் நான்தான். வந்தாச்சுன்னுதான் நினைச்சேன்."

அடுத்த கேள்வியைக் கேட்டது அவள். தம்பியைக் கூப்பிடச் சொன்ன நாளிலிருந்து நெஞ்சில் கிடந்தது, குரல் உயராமலே வந்தது.

"அப்போ எதுக்குங்க இதைக் கழட்டச் சொன்னீங்க? சரியானதும் யாருக்கும் தெரியாம ஓட்டிட்டுப் போகவா? அதை நினைச்சு நினைச்சு நான் தூங்கறதில்லை."

"நான் எங்கே ஓட்டப்போறேன்?" என்றார் அவர். "பஸ் ஏறவே படி எங்கேன்னு தேடறேன். நான் நின்னுட்டேன், சரி. என்னோட சேர்ந்து அதுவும் ஏன் நிக்கணும்? ஓட்டத் தெரிஞ்சவன் எடுத்துட்டுப் போகட்டும்னுதான் இவனைக் கூப்பிடச் சொன்னேன். செத்த வண்டியைக் கையில கொடுத்தா, ஓடுற வரைக்கும் வச்சிருந்துட்டு இப்போ தள்ளிவிடறான்னு நினைப்பான். சரி பண்ணிக் கொடுக்கலாம்னு பாத்தேன். சரி பண்றதுக்கும் அவனைவிட்டா ஆள் இல்லை."

அந்தக் கடைசி வார்த்தைக்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அப்பா உங்களுக்குத்தானே கொடுத்தார்" என்றான் தம்பி.

"முதல்ல உன்னைத்தான் கேட்டாராம். நாளெல்லாம் டிப்போவுல வண்டி, வீட்டுக்கு வந்தும் வண்டியான்னு சொன்னியாம்."

தம்பி கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சொன்னேன்" என்றான். "சும்மா சொன்னேன். இன்னொரு தடவை கேப்பார்னு நினைச்சேன்."

மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் கொஞ்ச நேரம் யார் பேசியிருந்தாலும் கேட்டிருக்காது. சாய்ந்த பெட்டியை அப்படியே விட்டுவைக்க முடியாது என்று முதலில் எழுந்தது தம்பிதான்.

இந்தத் தடவை அவரை அடியில் படுக்க விடவில்லை. வெளியே, காரின் பக்கவாட்டில் உட்காரவைத்து ஜாக்கின் கைப்பிடியைக் கொடுத்தான். தான் உள்ளே போய், பெட்டியைச் சரிபார்த்துப் பட்டையை இன்னொரு சுற்று சுற்றினான்.

"மாமா, கைப்பிடியை உங்க இடதுபக்கமா மெதுவா திருப்புங்க. மெதுவா. போதும். இப்போ உங்க வலது கைக்கு ஒரு சாண் கீழே ஒரு வளையம் இருக்கும். தட்டுப்படுதா?"

"தட்டுப்படுது."

"அதைப் பிடிச்சுக்குங்க. அக்கா, நீ பின்னால விரிப்பைப் பிடி. நான் சொன்னதும் ரெண்டு பேரும் சேர்ந்து இழுங்க. கால் உள்ளே போகாம பாத்துக்குங்க. மாமா, உங்க காலு சரியா இருக்கு, அப்படியே வச்சுக்குங்க."

அடிக்கு அடி சொன்னான். டிப்போவில் யாருக்கும் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டான். பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித் தரைக்கு வந்தது. மூன்று பேருமாக இழுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்து அறுந்த பெரிய மிருகம் மாதிரி விரிப்பின் மேல் கிடந்தது. தம்பி உடைந்த காதைத் தடவிப் பார்த்தான். "அலுமினியம். வெல்டிங் பிடிக்கும். நான் ஆள் பாத்துக்கறேன்" என்றான். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போடலாம் என்றாள். போகலாம், முதலில் சாப்பிட ஏதாவது கொடு என்றான்.

அவள் ரொட்டியும் பொரித்த முட்டையும் டீயும் கொட்டகைக்கே கொண்டுவந்தாள். சாமான் வைத்திருந்த மேஜையில் ஒரு ஓரத்தை ஒதுக்கி வைத்தாள். அவர் டம்ளரை எடுக்கும்போது விரலால் மேஜையைத் தொட்டு, தடவிக்கொண்டே போய்ப் பிடித்தார். இனி மறைக்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, மெதுவாகவே செய்தார். தம்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தான்.

பிறகு, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், மேஜையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"மாமா, நேரா வாசல் கேட்டைப் பாருங்க. கண்ணைத் திருப்பாதீங்க. இது தெரிஞ்சதும் சொல்லுங்க."

அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டைப் பார்த்தார். தம்பி ஸ்பேனரை அவர் காதுக்கு நேராகப் பிடித்து, முன்பக்கமாக மெல்ல நகர்த்தினான். அவருக்குத் தெரியவில்லை. கன்னத்துக்கு வந்தது. இன்னும் நகர்ந்தது. கண்ணின் ஓரத்தைத் தாண்டியது. எந்த மனுஷனும் பார்த்திருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, இன்னும் உள்ளே போனது. மழை அடித்துக்கொண்டிருந்தது. மூக்குக்கு நேராக வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான், "இப்போ தெரியுது" என்றார்.

மறுபக்கமும் பார்த்தான். அதே இடம்தான்.

அவள் ரொட்டித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் அதோடுதான் இருந்தாள். ஆனால் இவ்வளவு சுருங்கிவிட்டது என்று அவள் அளந்து பார்த்ததில்லை. சமையலறையில் அவர் பக்கத்தில் போய் நின்று, திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று கோபப்பட்ட நாட்கள் நினைவுக்கு வந்தன.

தம்பி ஸ்பேனரை உடனே கீழே வைக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே மேஜையைப் பார்த்தான். சாக்கெட்டுகளும் ஸ்பேனர்களும் போட்டது போட்டபடி கிடந்தன. நல்ல கையால் எல்லாவற்றையும் கூட்டி, அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே கொண்டுவந்தான். சின்னதிலிருந்து பெரியது வரை ஒரே வரிசையில் அடுக்கினான். கடைசியாகக் கையிலிருந்ததை அதனிடத்தில் வைத்தான்.

"அடுத்த ஞாயிறு பெட்டியைத் திறக்கறேன்" என்றான். "நான் கேக்கக் கேக்க நீங்க எடுத்துக் கொடுங்க. இனிமே எதுன்னாலும் இங்கேதான் வைப்பேன். அக்கா, இதை எடுத்து மடிச்சு கிடிச்சு வச்சுடாதே."

அவர் கையை நீட்டி வரிசையின் முதல் ஸ்பேனரைத் தொட்டார். பிறகு அடுத்ததை. அவள் தட்டை வைத்துவிட்டு, தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் குடையை எடுக்க உள்ளே போனாள்.